வாலில் அடித்த மஞ்சள் சிவப்புக் கோடுகள்

என் கையால் செய்த மாதிரிகளிலேயே மிகச் சுத்தமாக வந்தது அந்தப் பிரெஞ்சுப் போர் விமானம்தான். அதைக் கோபத்தோடுதான் செய்து முடித்தேன். கோபத்தில் கை நடுங்கும், அப்போது கண்ணாடிச் சாமான் எதையும் தொடாதே என்று ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடம் மாணவர்களிடம் சொல்லி வந்தவன் நான். எனக்கு நடுங்கவில்லை. மயிரிழை பிசகாமல் வாலில் கோடு அடித்தேன். அந்தக் கோடுகள் என் மகள் வாழப்போன வீட்டில் என்ன செய்யும் என்று தெரிந்தே அடித்தேன்.

உச்சிப்புளியில் வீடு. இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு பிளாஸ்டிக் பாகங்களைக் கத்தரித்து ஒட்டி விமானங்களும் கப்பல்களும் செய்வதைப் பழகிக்கொண்டேன். மாடி அறையில் ஒரு மேசை, ஒரு விளக்கு, நகவெட்டி, பிளேடு, நான்கைந்து உப்புத்தாள். கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்தி வைக்காவிட்டால் ஈரப் பெயிண்ட்டில் பொடி மணல் வந்து உட்கார்ந்துவிடும். உள்ளே வேர்த்து ஊற்றும். அந்த அறையில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

என் ஒரே மகளைக் காரைக்காலில் கொடுத்திருக்கிறோம். கூடப் படித்த பையன். அவனுக்கு மருந்துக் கடை. அவனுடைய அப்பா, என் சம்பந்தி, பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். வாய் நிறையப் பேசுவார், குரலும் பெரிது. கல்யாணமான முதல் வருடத்திலிருந்தே தை அமாவாசைக்குக் குடும்பத்தோடு ராமேஸ்வரம் வந்து, அவருடைய அப்பாவுக்கு அக்னி தீர்த்தக் கரையில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு, இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். அது வழக்கமாகிவிட்டது. சாப்பாட்டோடு அவருடைய அப்பாவின் கதையும் வழக்கமாகிவிட்டது.

அந்தப் பெரியவர் இளம் வயதில் பிரெஞ்சு விமானப் படையில் எடுபிடி மெக்கானிக்காகச் சேர்ந்து வட ஆப்பிரிக்காவுக்குப் போனவர். உலகப் போரில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்த பிறகு, அடங்கிப் போகாமல் எதிர்த்து நின்ற சுதந்திர பிரான்ஸ் பக்கம் இருந்து போராடியவர். இதுதான் கதை. சாட்சிக்கு ஒரு புகைப்படம். உள்ளங்கை அளவு, கறுப்பு வெள்ளை. அரைக் கால்சட்டையும் தொப்பியுமாக ஒரு மெலிந்த தமிழர் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார். பின்னால் ஒரு சண்டை விமானம். அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் காரைக்கால் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். தபால்காரர், பால்காரர் யாரும் அந்தக் கதையைக் கேட்காமல் அந்த வீட்டைத் தாண்ட முடியாது.

முதல் வருடம் எங்கள் வீட்டில் சாப்பிட்டு எழுந்ததும் சுவரைச் சுற்றிப் பார்த்தார்.

"உங்க அப்பா படம் எங்க சம்பந்தி?"

"படம் இல்ல. எடுத்துக்கல."

"ஒண்ணுகூடவா? பாஸ்போர்ட் சைசுகூட இல்லையா?"

"மொளகாய்த் தோட்டத்துல கெடந்தவரு. பாஸ்போர்ட்டுக்கு எங்க போறது?"

அவர் சிரித்தார். "அடப் பாவமே! இருந்ததுக்கு ஒரு அடையாளம்கூட விடாமப் போயிட்டாரே மனுஷன். எங்க அப்பாவப் பாருங்க, வெள்ளைக்காரன் பிளேனையே பின்னாடி நிக்க வச்சுப் படம் புடிச்சிருக்காரு!"

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரித்தார், அவருடைய அம்மா சிரித்தார், என் மகளும் சிரித்தாள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இன்று அது எனக்குத் தெரிகிறது. அன்றும் தெரிந்திருக்கும். ஆனால் நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது செத்துப்போன என் அய்யாவின் முகம் எனக்கே பாதி மறந்துவிட்டது. காதில் இருந்த கடுக்கன் ஞாபகம் இருக்கிறது, மூக்கு ஞாபகம் இல்லை. அந்த இடத்தில் கையை வைத்து அழுத்திவிட்டார் அவர். அதன் பிறகு வருடா வருடம் அவர் கதை சொல்லும்போதெல்லாம் மோரை ஊற்றிக்கொண்டு தலையாட்டினேன். உள்ளே எரிந்தது. பத்து வருடம் எரிந்தது. ஒருவரிடமும் சொன்னதில்லை.

போன வருடத்துக்கு முந்தின தீபாவளிக்கு அவர் ஒரு பெட்டியோடு வந்தார். பிரான்சில் இருக்கும் அவருடைய தம்பி மகன் அனுப்பியது. அதே விமானம். நிஜ அளவில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. இறக்கையை விரித்து வைத்தால் ஒரு சாண் இருக்கும்.

"சம்பந்தி, உங்க கை இருக்கே, அது தங்கக் கை. இத எனக்குச் செஞ்சு குடுங்க. அப்பா நின்ன பிளேன் மாதிரியே, அச்சா இருக்கணும். தை அமாவாசைக்கு வரும்போது வாங்கிக்கிறேன். படத்துக்குக் கீழ வைக்கணும்."

புகைப்படத்தின் ஒரு பிரதியையும் கொடுத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அந்த ஒரு நிமிடம் எனக்கு அவர் மேல் கோபமே இல்லை.

வேலையை ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். விசித்திரமான விமானம் அது. மூக்கு நீளம், விமானி உட்காரும் இடம் ரொம்பவும் பின்னால் தள்ளி இருக்கும். தரையில் ஓடும்போது எதிரே என்ன இருக்கிறது என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. உடலின் இரண்டு பாதிகளை ஒட்டி, சேர்ந்த இடத்தைத் தேய்த்து, இறக்கையைப் பொருத்தி முடிக்கப் பத்து நாள் ஆனது. பெயிண்ட் அடிக்கும் கட்டம் வந்தபோது லென்ஸை எடுத்து வைத்துக்கொண்டு புகைப்படத்தைப் பார்த்தேன். மாதிரி செய்கிறவனுக்கு அதுதான் முக்கியமான வேலை. எந்த இடத்தில் நிறம் மாறுகிறது, எங்கே பெயிண்ட் உரிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பெரியவரின் தோளுக்குப் பின்னால் விமானத்தின் வால் தெரிந்தது. வாலில் பட்டை பட்டையாக வெளுப்பும் கறுப்பும். நிழல் என்றுதான் முதலில் நினைத்தேன். நிழல் இல்லை.

பெட்டிக்குள் நிறம் அடிக்க வழிகாட்டும் தாள் ஒன்று இருந்தது. அதில் ஒரே விமானத்துக்கு மூன்று கோலங்கள் வரைந்திருந்தார்கள். முதலாவது, ஜெர்மனியோடு சண்டை போட்ட காலத்தது, வாலில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் வால் முழுக்க, மூக்கு முழுக்க மஞ்சளும் சிவப்புமாகக் கோடுகள். எங்கேயோ படித்தது ஞாபகம் வந்தது. புத்தகத்தை எடுத்துச் சரிபார்த்தேன். சரணடைந்த பிறகு, ஜெர்மனிக்கு அடங்கி நடந்த பிரெஞ்சு அரசின் விமானங்களுக்குத்தான் அந்தக் கோடு. தூரத்திலிருந்தே அடையாளம் தெரிவதற்காக.

அப்படியானால் பெரியவர் நின்றது சுதந்திர பிரான்சின் விமானத்துக்கு முன்னால் இல்லை. எதிர்ப்பக்கத்து விமானத்துக்கு முன்னால்.

அப்போது எனக்கு வந்தது சந்தோஷம். வேறு வார்த்தை போட்டு இதை மறைக்கப் போவதில்லை. நாற்காலியை விட்டு எழுந்து அறைக்குள் நடந்தேன். பத்து வருடத்துக் கதை, பத்து வருடத்துச் சிரிப்பு, எல்லாம் என் லென்ஸுக்குக் கீழே வந்துவிட்டது. மூன்றாவது கோலத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. அதன் கீழே பிரெஞ்சில் ஏதோ எழுதியிருந்தது. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

வாலுக்கு முதலில் வெள்ளை, அதன் மேல் மஞ்சள். காய்ந்ததும் மாஸ்கிங் டேப்பை நூல் நூலாக அறுத்து ஒட்டி, இடையில் சிவப்பு. மஞ்சளை முதலில் அடிக்காவிட்டால் சிவப்பு அதைத் தின்றுவிடும். டேப்பை உரித்தபோது கோடுகள் கத்தியால் கீறியது போல நின்றன. காபி கொண்டுவந்த என் மனைவி நின்று பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். கதை அவளுக்கும் மனப்பாடம்.

"இந்தக் கோட்ட அடிச்சே ஆகணுமாக்கும்?"

"போட்டோவுல இருக்கு."

"போட்டோவுல அந்த மனுசன் செருப்புக்கூட இல்லாம நிக்கிறாரு. அதையும் செய்யப் போறீகளா?"

"உண்மைய மாத்தச் சொல்றியா?"

"நா எதையும் மாத்தச் சொல்லல. அவரு ஆசையாக் கேட்டாரு. நீங்க அவருக்குச் செய்யிறீகளா, அவரக் குத்தச் செய்யிறீகளா? அதச் சொல்லுங்க மொதல்ல."

"கீழ போ. உனக்கு இது புரியாது" என்றேன். முப்பது வருடம் புரிய வைத்தே சம்பளம் வாங்கியவன், வாழ்நாளில் எனக்குக் கேட்கப்பட்ட மிகத் தெளிவான கேள்விக்கு அப்படித்தான் பதில் சொன்னேன்.

தை அமாவாசை அன்று பதினொரு மணிக்கு அவர்கள் கார் வந்தது. ஈரத்துணி மூட்டைகளோடு இறங்கினார்கள். சம்பந்தியின் நெற்றியில் திருநீறு காய்ந்து வெடித்திருந்தது. விரலில் தர்ப்பை கட்டியிருந்த தடம்கூட மறையவில்லை. காகத்துக்கு வைத்துவிட்டு இலை போட்டோம். வாழைக்காய், அவரை, பூசணி. சாப்பாட்டை முடிக்கட்டும் என்றுகூட நான் காத்திருக்கவில்லை. சாம்பார் முடிந்து ரசம் ஊற்றும்போது அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அடேயப்பா! இங்க பாரு, இங்க பாரு" என்று மனைவியைக் கூப்பிட்டார். எச்சில் கையைப் பின்னால் மடக்கிக்கொண்டு இடது கையால் அதைத் தூக்கினார். காற்றாடியை ஒரு விரலால் சுற்றிவிட்டார். கண் கலங்கியிருந்தது. பிறகு வாலைத் திருப்பினார்.

"இது என்ன சம்பந்தி, சர்பத் கடை மாதிரி மஞ்சளும் செவப்பும்?"

அந்தக் கேள்விக்காகவே மூன்று வாரம் காத்திருந்தேன். புகைப்படத்தையும் லென்ஸையும் கொண்டுவந்தேன். எங்கே பார்க்க வேண்டும் என்று பென்சிலால் காட்டினேன். அந்தக் கோடு என்ன, யார் அடித்தது, எதற்காக அடித்தது என்று வகுப்பில் சொல்வது போலச் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. நல்ல ஆசிரியர் குரலை உயர்த்த மாட்டார்.

"உங்க அப்பா சுதந்திர பிரான்சுல இருந்ததா இந்தப் படம் சொல்லல சம்பந்தி. ஜெர்மன்காரனுக்கு அடங்கிப் போனவுக பிளேனு இது. நீங்க தெரியாமச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கீக. தப்பில்ல."

தப்பில்ல என்று வேறு சொன்னேன்.

அவர் லென்ஸை வாங்கவில்லை. விமானத்தை மெதுவாகப் பெட்டிக்குள் வைத்தார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சம்பந்தி, அந்தப் பெரிய குரல் எங்கே போனதென்று தெரியாத ஒரு குரலில் சொன்னார்.

"இப்பத்தான் அவருக்கு எள்ளும் தண்ணியும் விட்டுட்டு வர்றேன்."

இலையை மடக்கிவிட்டு எழுந்தார். ரசம் இலையிலிருந்து தரையில் ஓடியது. கால் மணி நேரத்தில் கார் கிளம்பிவிட்டது. பெட்டியை எடுத்துக்கொண்டு போகவில்லை. என் மகள் கடைசியாக ஏறினாள். ஏறும் முன் என்னிடம் வந்தாள்.

"பெயிண்டுதான அய்யா? அதுல ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா?"

"அச்சா இருக்கணும்னு அவருதான் கேட்டாரு."

"நா அந்த வீட்டுக்குத்தான் போறேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அதன் பிறகு அவள் அம்மாவுக்கு மட்டும்தான் போன் செய்தாள். என்னைப் பற்றிக் கேட்க மாட்டாள். செய்தி எனக்கு மனைவி வழியாக வந்தது. சம்பந்தி கூடத்தில் இருந்த படத்தைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டார். சுவரில் சதுரமாக ஒரு வெளுத்த தடம். வருடந்தோறும் காரைக்காலின் பிரெஞ்சுப் போர் நினைவுத் தூணுக்கு மாலை போடும் நாளில் வெள்ளைச் சட்டை போட்டு முதல் ஆளாகப் போகிறவர் அந்த வருடம் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். காய்ச்சல் இல்லை. மாப்பிள்ளை என் பெயரை எடுப்பதில்லை. மகள் அந்த வீட்டுக்குள் சத்தம் வராமல் நடந்து பழகிக்கொண்டிருக்கிறாள். மனைவி ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் பேப்பரைப் படிப்பேன். உண்மையைச் சொன்னதற்கு இவ்வளவா என்று எனக்கு அவர்கள் எல்லோர் மேலும் ஆத்திரமாக இருந்தது.

ஐப்பசி மழையில் மாடி அறை ஒழுகியது. காகிதங்களைக் காயப் போட்டபோது அந்த வழிகாட்டும் தாள் கையில் வந்தது. சும்மா இருக்க முடியாமல், மூன்றாவது கோலத்துக்குக் கீழே இருந்த பிரெஞ்சு வரிகளின் மேல் போன் கேமராவைக் காட்டினேன். மொழிபெயர்ப்பு தட்டுத்தடுமாறி வந்தது. வந்தது போதும். வட ஆப்பிரிக்காவில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய பிறகு, அங்கிருந்த அதே விமானங்களும் அதே ஆட்களும் பக்கம் மாறி அவர்களோடு சேர்ந்துவிட்டார்கள். வாலில் இருந்த கோடுகளை அவர்களே பெயிண்ட் அடித்து மறைத்தார்கள்.

தூரிகையைப் பிடித்து மறைத்தது யார்? விமானி இல்லை. எடுபிடி மெக்கானிக்தான். காரைக்காலிலிருந்து சம்பளத்துக்குப் போன அந்த மெலிந்த மனிதரே அதைச் செய்திருக்கலாம். அவர் மகனிடம் சொன்ன கதையில் பொய் இல்லை. ஒரு பாதியைச் சொல்லாமல் விட்டார், அவ்வளவுதான். நானும் ஒரு பாதியைச் சொல்லாமல் விட்டேன். அவர் விட்டது மகன் தலை நிமிர்ந்து நடக்க. நான் விட்டது அதே மகன் தலை குனிய.

இரண்டு மாதம் படித்தேன். படித்ததையெல்லாம் அச்செடுத்துக் கோப்பில் போட்டேன். பக்கங்களுக்கு எண் போட்டேன்.

இந்த வருடம் தை அமாவாசைக்கு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ராமேஸ்வரத்திலேயே விடுதியில் தங்கியிருப்பதாக மகள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். விடிந்ததும் பஸ் ஏறினேன். அக்னி தீர்த்தக் கரையில் நிற்க இடமில்லை. கூட்டத்துக்குள் ஒரு மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தேன். தர்ப்பணம் முடிந்து, இடுப்பில் ஈர வேட்டியோடு தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் துண்டுகளோடு நின்றாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்ததும் செருப்பை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு விலகிப் போனார்.

"சம்பந்தி, உங்க அப்பாவப் பத்தி ஒரு விஷயம் தெரிஞ்சுச்சு."

"எங்க அப்பாவப் பத்தி. எங்கிட்டயே."

"நா சொன்னது முழுசா சரியில்ல. பின்னாடி அவுக பக்கம் மாறிட்டாக. நீங்க சொன்ன கதையும் நெசந்தான். எல்லாம் எடுத்தாந்திருக்கேன்." கோப்பைத் திறந்து நீட்டினேன்.

அவர் துவட்டுவதை நிறுத்தவில்லை. "போன வருஷம் அந்தப் பக்கம்னீங்க. இந்த வருஷம் இந்தப் பக்கங்கிறீங்க. அடுத்த வருஷம் வேற புக்கு படிச்சுட்டு வருவீங்க. எங்க அப்பா என்ன, உங்களுக்குப் பரீட்ச பேப்பரா? திருத்தித் திருத்தி மார்க் போட்டுக்கிட்டே இருப்பீங்களா?"

"அப்படியில்ல சம்பந்தி, ஆறாம் பக்கத்துல..."

"அய்யா!" என்றாள் மகள். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நீங்க மன்னிப்புக் கேக்க வரல. போன வருசம் நீங்கதான் சரின்னு காட்டுனீக. இன்னைக்கும் நீங்கதான் சரின்னு காட்ட வந்திருக்கீக. பக்க நம்பரோட வந்திருக்கீக. போங்க. வீட்டுக்குப் போங்க."

போனேன். பஸ்ஸில் உட்கார்ந்தபோது எனக்கு இருந்தது வருத்தம் இல்லை. சுத்தமான ஆத்திரம். எழுபத்து மூன்று வயதில் இவ்வளவு தூரம் இறங்கி வந்தவனைக் கடற்கரையில் நிற்க வைத்து விரட்டுகிறாள், அதுவும் நான் பெற்ற மகள். அந்த ஆளுக்கு என்ன திமிர், ஒரு தாளையாவது வாங்கினாரா? பாம்பன் பாலம் முழுவதும் இதையேதான் மனதுக்குள் பேசிக்கொண்டு வந்தேன். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில்களை வரிசைப்படுத்தினேன். நல்ல பதில்கள். ஒவ்வொன்றிலும் நான் ஜெயித்தேன்.

மண்டபத்தில் பஸ் நின்றது. பக்கத்து இருக்கைக்காரர் இறங்குவதற்காகக் கோப்பை மடியிலிருந்து தூக்கிப் பிடித்தேன். நல்ல கனம். இத்தனை தாளில் நான் எதற்காக அந்தக் கோட்டை அடித்தேன் என்பது ஒரு வரிகூட இல்லை. என் மனைவி கேட்ட கேள்வி அது ஒன்றுதான். அதற்குப் பதில் எனக்கு முதல் நாளே தெரியும்.

நானும் இறங்கினேன். நிறுத்தத்தில் நின்றபடியே சம்பந்திக்குப் போன் போட்டேன். எடுக்க மாட்டார் என்று நினைத்தேன். எடுத்தார்.

"சம்பந்தி, உங்கள வேதனப்படுத்தணும்னுதான் அந்தக் கோட்ட அடிச்சேன்" என்றேன். "உண்மைக்காக இல்ல. மொத வருசம் எங்க அய்யா படத்தப் பத்தி நீங்க சொன்னது மனசுல கெடந்துச்சு. அதுக்குப் பழி வாங்கினேன். நீங்க தர்ப்பணம் குடுத்துட்டு வந்த அன்னைக்கே வாங்கணும்னு காத்திருந்து வாங்கினேன்."

அந்தப் பக்கம் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. யாரோ ஈரத்துணியை உதறினார்கள்.

"அன்னிக்கே தெரியும் எனக்கு" என்றார். "நீங்க பென்சில வச்சுக் காட்டுனப்பவே தெரியும். உங்க அப்பா படத்தப் பத்தி நா என்ன சொன்னேன்னு எனக்கு ஞாபகமில்ல. ஆனா சொல்லியிருப்பேன். என் வாய் அப்படி."

இரைச்சல் குறைந்தது. கூட்டத்தை விட்டு விலகி நடந்திருப்பார்.

"படத்தத் திரும்ப மாட்ட என்னால முடியல சம்பந்தி. மாட்டினா வாலத்தான் பாக்குறேன். அப்பாவப் பாக்க முடியல. அத என்ன செய்யப் போறீங்க நீங்க?"

"தெரியல சம்பந்தி" என்றேன்.

"சரி. வைக்கிறேன்."

ஆறாம் பக்கத்தில் இருப்பதை அப்போது சொல்லியிருக்கலாம். கோடுகளை மறைத்த கை அவருடைய அப்பாவின் கையாகக்கூட இருக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். அது நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அவர் போனை வைக்கும் வரை வாயை மூடிக்கொண்டு நின்றேன்.